பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி

இயற்பியல் வகுப்பில் பற்சக்கரங்களைப் பற்றி நான் ஆண்டுதோறும் பாடம் நடத்தி வருகிறேன். சிறிய சக்கரத்தில் 12 பற்களும் அதனுடன் கோத்த பெரிய சக்கரத்தில் 60 பற்களும் இருந்தால், வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். உராய்வை நீக்கிப் பார்த்தால் திருப்புவிசை ஐந்து மடங்காகும். கரும்பலகையில் இரண்டு வரியில் முடிந்துவிடும் கணக்கு இது. பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, பல் தேய்ந்துபோனால் இந்தக் கணக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார். அவருடைய தந்தையார் கரும்பாலை ஒன்றில் ஃபிட்டர். "அதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லையப்பா, உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அதன்பின் அவர் என்னிடம் கேள்வியே கேட்டதில்லை. எனக்கு விடை தெரியாது என்பதே உண்மை.

சென்ற கோடை விடுமுறையில், அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகே வசிக்கும் என் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் வீட்டு நிலவறையில் ஒரு பழைய பின்பால் எந்திரம் வைத்திருந்தார். சாய்வான மேசை, மேலே கண்ணாடி, உள்ளே ஓர் எஃகுப் பந்து. பந்து இலக்குகளில் பட்டால் மணி அடிக்கும், புள்ளிகள் ஏறும். கீழே விழவரும் பந்தைத் துடுப்புகளால் தட்டி மேலே அனுப்பவேண்டும்.

இந்த விளையாட்டுக்கும் சிகாகோவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. டேவிட் காட்லீப் என்பவர் 1931-இல் 'பாஃபிள் பால்' என்ற மேசை விளையாட்டை அங்கே தயாரித்தார். அதில் துடுப்புகள் இல்லை. 1947-இல் வந்த 'ஹம்ப்டி டம்ப்டி'யில்தான் அவை தோன்றின. இதைச் சூதாட்டம் என்று கருதி நியூயார்க் நகரம் 1942-இல் தடை விதித்தது. 1976-இல்தான் அத்தடை நீங்கியது.

பெரியவரின் எந்திரம் 1960-களில் செய்யப்பட்டது. அவருடைய தந்தையார் வாங்கியது. அதில் மின்னணுச் சாதனம் எதுவும் இல்லை. கம்பிச்சுருள்கள், ரிலேக்கள், இவற்றோடு அடிப்பலகையில் ஒரு சிறிய மோட்டார். மோட்டாரின் வேகத்தைக் கியர்ப்பெட்டி குறைத்து, மேடுபள்ளமான விளிம்புடைய சில தட்டுகளைச் சுழற்றும். அந்த மேடுகள் சுவிட்சுகளைத் தட்டும். பந்து 50 புள்ளி இலக்கில் பட்டால், தட்டுகள் சிறிது தூரம் சுழன்று ஐந்து முறை தட்டும்; பத்துப் பத்தாக ஐந்து முறை எண் நகரும். அந்த எந்திரத்துக்குப் பெருக்கத் தெரியாது, எண்ணத்தான் தெரியும்.

இப்போது அதுவும் தவறிவிட்டது. மோட்டார் உறுமும், தட்டுகள் பாதி வழியில் நின்றுவிடும். அவை ஓய்வு நிலைக்கு வந்தால்தான் அடுத்த வேலை நடக்கும் என்பதால் எந்திரம் முழுவதும் முடங்கிவிடும். பேரப்பிள்ளைகள் மறுவாரம் வரவிருந்தார்கள். பெரியவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கவில்லை. "எங்கள் அப்பா இயற்பியல் பேராசிரியர், அவர் சரிசெய்துவிடுவார்" என்று என் மகன் பெருமையோடு சொல்லிவிட்டான். எனக்கு வியர்த்தது.

மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அவர் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். எந்தத் தட்டு எந்த நிலையில் இருந்தது என்பதைப் பென்சிலால் வரைந்துகொண்ட பிறகே எதையும் தொடவிட்டார். பெட்டியைத் திறந்தால், பழைய கிரீஸ் எண்ணெய்ச் சட்டியின் அடிப்பிசுக்கைப் போல இறுகிக் கிடந்தது. துடைத்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. நடுவிலிருந்த பித்தளைச் சக்கரத்தின் பற்கள் ரம்பப் பற்களைப் போல ஒருபக்கம் சரிந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு பல்லின் மறுபக்கமும் புத்தம் புதிதாக இருந்தது! அந்த மோட்டார் எப்போதும் ஒரே திசையில்தான் சுழலும். ஆகவே பற்களின் ஒரே பக்கம்தான் சுமை தாங்கியிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் பற்களை வரைந்த எனக்கு இது தோன்றியதே இல்லை.

அப்போது என் தந்தையாரின் நினைவு வந்தது. சட்டைக் காலர் நைந்துவிட்டால், தையற்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் திருப்பித் தைத்து வாங்குவார். சட்டை இன்னும் ஓராண்டு உழைக்கும். "இந்தச் சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் என்ன?" என்று தயங்கியபடியே கேட்டேன். பெரியவர் சக்கரத்தை வாங்கி இருபக்கமும் பார்த்தார். "போடுங்கள்" என்றார்.

சக்கரத்தை அச்சோடு பிணைத்திருந்த ஊசியை நான் அவசரப்பட்டுச் சுத்தியலால் ஓங்கித் தட்டினேன், அது வளைந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. ஓர் ஆணியைக் கொடுத்து, அளவுக்கு அரத்தால் தேய்க்கச் சொன்னார். ஒரு மணி நேரம் தேய்த்தேன். பிறகு தாராளமாக எண்ணெய் விடப்போன என் கையைத் தடுத்தார். எண்ணெய் வழிந்து சுவிட்சுகளின் முனையில் படிந்தால் மின்தொடர்பு கெட்டுவிடும். பற்களில் மட்டும் துளி கிரீஸ் போதுமாம்.

எல்லாவற்றையும் பூட்டி, மின்சாரம் கொடுத்து, 50 புள்ளி இலக்கை விரலால் அழுத்தினேன். மணி ஐந்து முறை அடித்தது. தட்டுகள் ஓய்வு நிலையில் வந்து நின்றன. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மணியையும் எண்ணினார். "இந்தப் பக்கமும் ஒருநாள் தேயும். அதற்குள் வேறு சக்கரம் தேடிக்கொள்ளலாம்" என்றார்.

நம் கல்லூரி மலர் பழைய மாணவர்களின் கைகளுக்கும் போவதுண்டு. அன்று எழுந்து நின்ற அந்த மாணவர் இதைப் படிப்பாரானால், அவருக்குரிய விடை இதோ: பற்கள் தேய்ந்தாலும் அவை ஒன்றையொன்று பற்றியிருக்கும்வரை கணக்கு மாறாது, ஏனெனில் பற்களின் எண்ணிக்கை மாறவில்லை. இடைவெளிதான் கூடும். ஒரு பல் நழுவிய கணத்திலிருந்து எந்தக் கணக்கும் செல்லாது. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். தெரியாவிட்டால், தெரியாது என்றாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

இந்த ஆண்டு அந்தப் பாடத்தை நடத்தியபோது, பழைய மேசைவிசிறி ஒன்றிலிருந்து கழற்றிய தேய்ந்த பற்சக்கரத்தை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அது முதல் வரிசையில் தொடங்கிக் கைமாறிக் கடைசி வரிசைவரை போய்வந்தது. அன்று மட்டும் மூன்று கேள்விகள் வந்தன. இரண்டுக்கு விடை சொன்னேன். மூன்றாவதை வீட்டுக்கு எடுத்துவந்திருக்கிறேன்.