ஒரு முட்டைக்கு ஓர் இலை

பல்லியின் உருவமும் தவளையின் இயல்பும் ஒருங்கே வாய்ந்த சிற்றுயிர் நியூட்டு. நம் இலங்கையில் அஃது இல்லை. ஆயினும் விலங்கியல் பயிலும் நம் மாணவர் அதனைப் படத்திலேனும் கண்டிருப்பர்.

நியூட்டுகளுட் பல இனங்கள் உள. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவின் பிற நாடுகள் பலவற்றிலும் சாதாரணமாகக் காணப்படுவது மழமழப்பான தோலையுடைய இனமாகும். நீளம் ஏறக்குறைய 4 அங்குலமே. ஆண்டின் பெரும்பகுதியை ஈரத்தரையில், கல்லுக்கும் கட்டைக்கும் அடியிற் கழிக்கும். பனிக்காலம் நீங்கியதும் இரவிற் புறப்பட்டுக் குட்டைகளை நாடிச் செல்லும். அக்காலத்தில் ஆணின் முதுகில் அலைபோன்ற தோல்மடிப்பொன்று எழும். வயிறு செம்மஞ்சள் நிறங்கொள்ளும்.

நம்மை வியக்கச் செய்வது பெண்ணின் செயலே. தவளை தன் முட்டைகளைத் திரளாக இட்டு அகன்றுவிடும். இதுவோ முட்டைகளைத் தனித்தனியே இட்டு, நீர்ச்செடியின் இலையைப் பின்னங்கால்களால் மடித்து, ஒவ்வொன்றையும் பொதிந்து வைக்கும். ஒரு பருவத்தில் 200, 300 முட்டைகள் இடுவதுமுண்டு. வெளிவரும் குஞ்சின் கழுத்தோரத்தில் இறகு போன்ற செவுள்கள் இருக்கும். தவளையின் வாற்பேய்க்குப் பின்கால்கள் முதலில் வெளித்தோன்றும், இதற்கோ முன்கால்கள். பின்னர்ச் செவுள்கள் மறைய, அது கரையேறும்.

இவ்வெளிய உயிரின் முட்டையே அறிஞருலகிற்குப் பேருண்மை ஒன்றை உணர்த்திற்று. ஜேர்மனியில் ஹில்டே மங்கோல்ட் என்னும் மாணவி, தம் ஆசிரியர் ஹான்ஸ் ஸ்பேமனின் வழிகாட்டலில், வேறோர் இன நியூட்டின் முளையத்திலிருந்து சிறு துணுக்கொன்றை எடுத்து, இவ்வினத்தின் முளையத்தில் ஒட்டினார். அங்கே இரண்டாவது உடலொன்று உருவாகலாயிற்று! ஒட்டிய துணுக்கு, தன்னைச் சூழ்ந்த பகுதிகளையும் உடலாக அமையுமாறு ஏவியிருந்தது. ஓர் உயிரின் உடல் எவ்வாறு ஒழுங்குபெற்று வளர்கின்றது என்னும் வினாவிற்கு இதனால் ஒரு வழி திறந்தது.

அவ்வாராய்ச்சி 1924இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே, தம் 25ஆம் வயதில், அம்மாணவி தீ விபத்தில் மாண்டார். ஆசிரியருக்கு 1935இல் நொபெல் பரிசு கிடைத்தது. ஆசிரியத் தொழில் புரியும் நாம் வகுப்பில் அப்பரிசைப் பற்றிச் சொல்லுந்தோறும் அம்மாணவியின் பெயரையும் சேர்த்தே சொல்லுகின்றோம். அது நம் கடன்.

ஐரோப்பாவில் நியூட்டு வாழ்ந்த குட்டைகள் பல தூர்க்கப்பட்டு வயலாகவும் வீடாகவும் மாறிவிட்டன. நம் நாட்டிலோ 100க்கு மேற்பட்ட தவளையினங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. மாணவர்களே, மாரி பெய்து ஓய்ந்ததும் வீட்டிற்கு அண்மையிலுள்ள குட்டையருகே சிறிது நேரம் இருந்து பாருங்கள். பயனற்ற பள்ளமென்று மண்ணிட்டு மூடுமுன், அதிலே எவ்வெவ்வுயிர் தன் முட்டையைப் பேணி வைத்திருக்கின்றதென்று நாம் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?