பிள்ளைக்காம்பரா

பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வயதான அம்மாக்கள் சிலர் குழந்தைகள் காப்பகத்தைப் 'பிள்ளைக்காம்பரா' என்பார்கள். கடையில் ரொட்டி வாங்கிவரச் சொல்லும்போது முதலில் வாயில் வருவது 'பாண்'. இரண்டிலும் போர்ச்சுக்கீசிய வாடை உண்டு. இலங்கையில் கண்டிச் சீமையின் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) புழங்கி, கப்பலேறி நீலகிரிக்கு வந்த சொற்கள். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பல வீடுகளில் அந்தச் சிரிப்போடு பேச்சு நின்றுவிடுகிறது.

பேசினால் கதை நீளம். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துச் சனங்களைப் பஞ்சமும் ஆள்பிடிக்கும் கங்காணியும் சேர்ந்து கடல் கடத்திய காலம். மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழி நடந்ததில் மாண்டவர் பலர். காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. தலைமுறைகள் கழிந்தபின், 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு வைத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள், ஆடுமாட்டைப் பிரிப்பதுபோல. அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று ஒரே லயத்துக் குடும்பங்கள் உடைந்தன. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு இலங்கை மலையகத்தார் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'.

ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு முதல் தங்கல் மண்டபம் முகாம். முன்பு இலங்கைக்குப் போகும் கூலிகளை நிறுத்தி, நோய் உண்டா என்று பார்த்து அனுப்பிய இடமும் அதேதான். தாத்தா போன வாசலிலேயே பேரன் திரும்பி வந்தான். ஒரு கதாசிரியர் இப்படி எழுதியிருந்தால் செயற்கை என்று சொல்லியிருப்போம்.

அவர்களில் ஒரு பகுதியினருக்காகத்தான் 1968-ல் அரசு நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம், அப்படிப் பிறந்தது. தெரிந்த வேலை, தெரிந்த குளிர், தெரிந்த கூடை. ஊர்தான் புதிது. 'சிலோன்காரர்' என்ற பெயரும் புதிது. அதை உதிர்க்கவே பலர் பழசைப் பேசாமல் விட்டார்கள். தகரப்பெட்டியில் இருக்கும் பாஸ்போர்ட்டில் பெயரும் வயதும் உண்டு. விட்டுவந்த கோழியும், ஸ்டேஷனில் கையை விடாத தங்கையும் அதில் இல்லை.

இதே மலையில் வேறொரு மௌனமும் இருந்தது. 1902-ல் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் வம்சாவளியை எழுத வந்தார் ஆங்கிலேய மானுடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். இறந்த உறவினரின் பெயரைத் தோடர்கள் வாயால் சொல்வதில்லை. ஆகவே ஒரு குடும்பத்தின் வரலாற்றை அவர் மற்றவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார். 1906-ல் வெளியான அவருடைய நூலில் அந்த வம்சாவளிகள் பட்டியல் பட்டியலாக இருக்கின்றன.

அந்த வழி டான்டீ லயத்துக்கும் ஒத்துவரும். சொந்த அம்மாயி வாய் திறக்காவிட்டால் அதே கோச்சியில் வந்த பக்கத்து வீட்டு அம்மாயியைக் கேட்கலாம். மிச்சப் பாதி ஹட்டனிலோ பதுளையிலோ இருக்கும் சின்னம்மாயியிடம் இருக்கும். அதற்குத்தான் வாட்ஸ்அப் இருக்கிறதே. ஆனால் தள்ளிப்போட நேரமில்லை. 1970-களில் கைக்குழந்தையோடு கப்பலேறியவர்களில் பலருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.

"அங்க எப்படி இருந்தீங்க அம்மாயி?" என்று பொதுவாகக் கேட்டால், "என்னத்தைச் சொல்ல, போ" என்றுதான் பதில் வரும். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், கங்காணி பேர் என்ன, கோச்சியில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்று சின்னதாகக் கேளுங்கள். அவர் 'பாண்' என்றால் 'ரொட்டி' என்று திருத்தாமல், பாண் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.