முன்னாசனத்தை மடக்குதல்

மோட்டார் வண்டியின் ஆசனம் பற்றி ஒரு கலைப்பீட மாணவன் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். இலக்கியமும் வரலாறும் பேசும் இம்மலரில் திருகாணிக்கும் இரும்புக் குழாய்க்கும் என்ன இடம் என அவர்கள் கேட்பின், அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் சென்ற விடுமுறை முழுவதும் என் சிந்தையை ஆட்கொண்டிருந்தது ஓர் ஆசனமே. அதனை விடுத்து வேறொன்றை எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் தேவைக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்ட் என்னும் இரு நிறுவனங்களும் இவ்வகை வண்டிகளை 6 இலட்சத்துக்கும் மேலாகச் செய்து குவித்தன. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லியிலிருந்து நமது பேராதனைப் பூங்காவுக்கு இடம்பெயர்ந்தது என்பதை நம்மிற் பலர் அறிவர். அன்று சேனாதிபதிகளைச் சுமந்த வண்டியின் உடன்பிறப்பு ஒன்று, பின்னர் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரைமாரைச் சுமந்தது. தோட்டக் கம்பனிகளின் காணிகள் 1975 இல் அரசுடைமையான பின்பு அது கழிக்கப்பட்டபோது, அதன் சாரதியாயிருந்த என் தாத்தா அதனை வாங்கிக்கொண்டார். இன்று அது மாமாவின் கையில் இருக்கிறது. சுக்கான் இன்றும் இடப்பக்கத்திலேயே உள்ளது.

அதன் முன்னாசனங்கள் இரண்டும் ஒரே தோற்றமுடையனவாயினும் ஒரே குணமுடையன அல்ல. சாரதியின் ஆசனத்தின் கீழே பெற்றோல் தாங்கி இருக்கிறது. மெத்தையைத் தூக்கினால்தான் தாங்கியின் மூடி தென்படும். ஆதலின் அவ்வாசனம் இடம்பெயராது. வலப்பக்கத்து ஆசனமோ, முன்கால்கள் இரண்டும் தரையிற் கீலாகப் பொருந்தியிருக்க, அப்படியே முன்னோக்கிக் கவிழும். பின்புறம் ஏறுவோருக்கு வழிவிடுவதற்கே இந்த ஏற்பாடு. வளைந்த குழாயினாலான சட்டம் ஒன்றே இருக்கையாகவும் சாய்வாகவும் அமைந்திருப்பதால், சாய்வை மாத்திரம் தனியே மடக்க முடியாது. கவிழ்த்த ஆசனம் குத்தென நின்று முன்பக்க இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இதில் என்ன குறை என்று கேட்கலாம். ஆறு மாதங்களுக்கு முன்னர் எங்கள் பாட்டி லயத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அம்புலன்ஸ் தார் வீதி முடியும் இடம் வரையிலேதான் வரக்கூடும். அதற்கு மேல் மூன்று மைல் கல்லும் குழியுமான பாதை. முற்காலத்திலே நோயாளியைக் கம்பளியிற் கிடத்தி, அதனைத் தடியிற் கட்டி, தோளிற் காவிக்கொண்டு இறங்குவார்களாம். எங்களிடம் ஜீப் இருந்தது. ஆனால் அதிலே ஒரு மனிதரை நீட்டிக் கிடத்த இடம் இருக்கவில்லை. பின்தட்டு ஒரு சிறுபிள்ளைக்கே போதுமான நீளம். முழங்காலை மடக்கிப் பக்கவாட்டிற் கிடத்தியே பாட்டியைக் கொண்டுபோனோம். ஒவ்வொரு குழியிலும் அவர் எழுப்பிய ஒலியை இங்கு எழுத நான் விரும்பவில்லை.

அவர் கட்டிலோடு வீடு திரும்பிய வாரத்திலேயே, முன்னாசனத்தின் சாய்வை வெட்டிக் கீல் போட்டு, இருக்கையின்மேல் மடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். மாமா உடனே இணங்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த பழைய வாகனப் பிரியர் ஒருவர், "ஒரு ஆணியும் மாறாமல் இருந்தால்" என்ற நிபந்தனையோடு நல்ல விலை பேசிப் போயிருந்தார். என் விடுதிச் செலவும் தங்கையின் படிப்பும் அந்த விலைக்குள் அடங்கியிருந்தன என்பதை மாமா வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆதிநிலை மாறாமை என்னும் கொள்கையை நான் இகழ்பவனல்லன். சுவடியொன்றிலே தன் மனம்போல் திருத்தம் செய்யும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லையே! ஆனால் இந்த வண்டியின் ஆதிநிலைதான் யாது? போர்க்களத்திலேயே இதே ஜீப்புகளுக்குச் சட்டங்கள் பொருத்தி, காயமுற்றோரைக் கிடத்திச் சென்றார்கள். தேவைக்கேற்ப மாற்றப்படுவது இதன் பிறவிக்குணம் என்பதே என் எண்ணம். எனினும் மாமாவின் தயக்கத்துக்கு இந்த வாதம் விடையாகவில்லை. விடை கூறியவர் பட்டறைப் பாஸ்தான். "தம்பி, பழசை ஏன் வெட்டணும்? கழற்றிப் பத்திரமா வையுங்க. அதே அளவில புதுசு செய்வோம்" என்றார். எங்கள் இருவரது பேச்சும் அத்துடன் நின்றது. பழைய ஆசனம் சாக்கிற் சுற்றப்பட்டுப் பரணில் ஏறியது.

வேலை எளிதென நினைத்திருந்தேன். கீலை இருக்கைச் சட்டத்தோடு ஒட்டிவைத்தால், நடுவேயுள்ள மெத்தையின் தடிப்பு தடுத்து, சாய்வு சரிவாகவே நின்றுவிடும் என்று பாஸ் தரையிலே சுண்ணக்கட்டியாற் கீறிக் காட்டினார். கீலின் அச்சு மெத்தையின் மேற்பரப்பு மட்டத்துக்கு உயர்ந்திருந்தாலன்றிச் சாய்வு தட்டையாகப் படியாது. ஆகவே இருபுறமும் தடித்த பட்டையிரும்பிலே காதுகள் வெட்டி, அவற்றின் உச்சியிற் கீலைப் பொருத்தினோம். குழாயை முனைக்கு முனை வைத்து ஒட்டினால், மலைப்பாதையின் அதிர்ச்சியில் ஒட்டின் ஓரத்திலேயே அது வெடிக்கும். எனவே ஒவ்வோர் ஒட்டிலும் உள்ளே சிறு குழாய்த் துண்டொன்றைச் செருகிய பிறகே வெல்டிங் செய்தார். அவ்வேலை முழுவதும் பட்டறையிலேயே நடந்தது. பெற்றோல் தாங்கியிலிருந்து கைக்கெட்டும் தூரத்திலே தீப்பொறியைப் பறக்கவிட எவருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது.

சாய்வை நிமிர்த்திப் பூட்டும் ஆணிதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. சாய்வின் உயரம் 18 அங்குலம். பூட்டாணியைக் கீலிலிருந்து 3 அங்குலத்தில் வைத்தால், பின்னால் இருப்பவர் திருப்பத்திலே சாய்வின் உச்சியைப் பிடித்து 25 கிலோ பாரத்துடன் இழுக்கையில், ஆணியில் அது ஆறு மடங்காகி 150 கிலோவாக விழும். உயர்தரத்திலே கலைத்துறையிற் பயின்ற எனக்கு நெம்புகோல் தத்துவம் அன்றுதான் விளங்கிற்று. ஈற்றில் இரு வேலைகளையும் பிரித்தோம். ஏற்றத்திலே பின்னோக்கி அழுத்தும் பாரத்தைக் காதுகளின் பின்விளிம்பிலே நின்று தாங்க ஒரு தடித்த நாக்கு. இறக்கத்திலே சாய்வு முன்னோக்கி விழாமற் காக்க மாத்திரம் ஆணி. நாக்கின் அடியிற் பழைய டயர் ரியூப்பிலிருந்து வெட்டிய றப்பர்த் துண்டொன்றை வைத்த பின்னர் கடகட ஓசையும் ஒழிந்தது.

மடித்த சாய்வின் மட்டமும் பின்சக்கர மறைப்புகளின் மட்டமும் ஒத்துவரும்படி புதிய சட்டத்தின் கால்களை அளவிட்டோம். மறைப்புகள் இரண்டுக்கும் குறுக்கே ஒரு மரச்சட்டம். மடித்த ஆசனத்திலிருந்து அம்மரச்சட்டம் வரை ஆறடிப் பலகை. நோயாளியின் தலை வண்டியின் பின்புறம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வைத்தியசாலைக்குப் போகும் வழி முழுவதும் இறக்கமாதலால், தலையை முன்னே வைத்தால் அது காலினும் தாழ்ந்துவிடும். பின்புறம் தலையிருப்பின், இடப்பக்க மறைப்பில் அமரும் துணையாள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம். பலகையின் கால்முனையில் ஒரு தடுப்புக்கட்டையும், குறுக்கே இரண்டு வார்களும் வைத்தோம். முதலிற் படுத்துப் பார்த்தவன் நான். முதுகுக்கு இதமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் கால் நீண்டிருந்தது.

பலகை இப்போது கோடிவீட்டு இறவாரத்தின் கீழே தொங்குகிறது. இதுவரை இருமுறை இறக்கப்பட்டுள்ளது. முதன்முறை, மலையிற் கொழுந்தெடுக்கையிற் சறுக்கிக் கணுக்கால் முறிந்த அக்கா ஒருவருக்கு. இரண்டாம் முறை, நள்ளிரவில் வலி கண்ட ஒரு பெண்ணுக்கு. நான்கு நாட்களின் பின் அவர் திரும்பியபோது மாமா சாய்வை நிமிர்த்திப் பூட்டிவிட்டு, பிள்ளையும் தாயும் முன்னால் அமர்ந்து வரும்படி செய்தாராம். பாட்டி இதனை எனக்குத் தொலைபேசியிற் சொன்னார். பூட்டாணியின் துளை சற்றே தளர்ந்திருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். வரும் விடுமுறையில் அதற்கொரு பித்தளைப் புஷ் போட வேண்டும்.