துபாயில் ஓடிய நம்ம ரூபாய்

கீழப்பாவூர், பாவூர்சத்திரம், கடையநல்லூர் பக்கம் துபாய்க்கோ ஷார்ஜாவுக்கோ ஆள் போயிருக்கும் வீடுகளில், மாதம் பிறந்து சம்பளம் வந்ததும் போனில் ஒரு பேச்சு நடக்கும்.

"இன்னைக்கு ரேட் எவ்வளவு? இப்பவே அனுப்பட்டுமா, நாலு நாள் பொறுக்கட்டுமா?"

ரேட் கூடியிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கவே தேவையில்லாத ஒரு காலம் இருந்தது. துபாய் கடைத்தெருவில் அப்போது ஓடியதே நம்ம ரூபாய்தான்!

1950களில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், அபுதாபி எல்லா இடத்திலும் இந்திய ரூபாய்தான் புழங்கியது. பிரிட்டிஷ் காலத்து ஆட்சித் தொடர்பும் பம்பாய் வியாபாரமும் கொண்டுபோய்ச் சேர்த்த பழக்கம் அது. இதில் ஒரு சிக்கல் வந்தது. இந்தியாவில் தங்க இறக்குமதிக்குத் தடை. கடத்தல்காரர்கள் ரூபாய் நோட்டை வளைகுடாவுக்குக் கொண்டுபோய்த் தங்கம் வாங்கினார்கள். அங்கே சேர்ந்த நோட்டுகள் வங்கிகள் வழியாகத் திரும்பி வந்தபோது, ரிசர்வ் வங்கி அதற்கு ஈடாக ஸ்டெர்லிங் பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது. நாட்டின் அன்னியச் செலாவணி இப்படியே கரைந்தது.

அதைத் தடுக்க 1959-ல் 'வளைகுடா ரூபாய்' என்று தனி நோட்டை வெளியிட்டார்கள். நிறம் வேறு, வரிசை எண்ணுக்கு முன்னால் 'இசட்' எழுத்து இருக்கும், இந்தியக் கடைகளில் செல்லாது. மதிப்பு மட்டும் நம் ரூபாய்க்குச் சமம். 1961-ல் குவைத்தும் 1965-ல் பஹ்ரைனும் தங்களுக்கென்று தினார் வெளியிட்டு விலகிக்கொண்டன. துபாயும் கத்தாரும் ரூபாயிலேயே இருந்தன.

1966 ஜூன் 6. இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசானது. டெல்லியில் எடுத்த முடிவால், துபாயில் பெட்டியில் பூட்டி வைத்திருந்த பணமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மதிப்பு இழந்தது. துபாயும் கத்தாரும் சில மாதங்களுக்குச் சவூதி ரியாலை வைத்துச் சமாளித்து, அதே ஆண்டு தங்களுக்கென்று ஒரு ரியாலை வெளியிட்டன. அதன் மதிப்பு? மதிப்பு குறைவதற்கு முந்தைய ஒரு ரூபாய்! 1973-ல் ஐக்கிய அரபு அமீரகம் திர்ஹாமைக் கொண்டுவந்தபோது, துபாயில் ஒரு ரியாலுக்கு ஒரு திர்ஹாம் என்று மாற்றிக் கொடுத்தார்கள்.

அதாவது, திர்ஹாம் என்பது 1966 ஜூன் 5-ம் தேதி இருந்த நம்ம ரூபாயின் வாரிசு.

பிறகு என்ன நடந்தது? 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். நம்ம பக்கம்தான் இறக்கம். 1991 ஜூலையில் மூன்றே நாளுக்குள் இரண்டு முறை மதிப்பைக் குறைத்தபோது ஒரு திர்ஹாம் சுமார் 7 ரூபாய். 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியபோது 18 ரூபாய்க்கு மேல். 2024 டிசம்பரில் டாலர் 85-ஐத் தாண்டியபோது 23 ரூபாய்க்கு மேல்.

இதை வைத்து எல்லாமே நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. 1966-ல் வாங்கிய கூலியும் இன்றைய கூலியும் ஒன்றல்ல. ஊரில் ரூபாயில் கடன் வாங்கி விமானம் ஏறியவருக்கு ரேட் கூடினால் கடன் சீக்கிரம் அடையும். மாதம் 1,000 திர்ஹாம் அனுப்புகிறவர் வீட்டுக்கு 7,000 ரூபாய்க்குப் பதில் 23,000 ரூபாய் வருவது நல்லதுதானே?

நல்லதுதான். ஆனால் டாலரோடு சேர்ந்து ஏறுவது திர்ஹாம் மட்டுமல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் பாமாயில், டீசலாகும் கச்சா எண்ணெய், கல்யாணத்துக்கு வாங்கும் தங்கம் எல்லாம் ரூபாயில் விலை ஏறும். திர்ஹாம் வரும் வீடு அதைத் தாங்கிக்கொள்ளும். அதே தெருவில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் அக்காவுக்கும், பாவூர்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகிறவருக்கும் வருமானம் முழுக்க ரூபாய்தான். ரேட் கூடிய அன்று அவர்கள் கைக்கு ஒரு காசும் கூடுதலாக வராது. நகைக்கடையில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒரே விலை.

அடுத்த முறை "ரேட் கூடிருக்கு" என்று போன் வந்தால், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.