வெட்டக்கூடாத காம்பு

எங்க ஊர்ப் பக்கம் பூச்செடின்னா அது வாசல்லயோ கொல்லையிலயோ இருக்கும். செம்பருத்தி, நந்தியாவட்டை, கனகாம்பரம். வீட்டுக்குள்ள, அதுவும் சோபாவுக்குப் பக்கத்துல ஒரு கொடியைத் தொங்க விட்டு, அது எப்போ பூக்கும்னு காத்துக்கிட்டு இருக்கற ஆளுங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும். இப்போ நானும் அந்தக் கோஷ்டிதான். எப்படிச் சேர்ந்தேன்னு கேட்டா, ஒரு கத்தரிக்கோலால சேர்ந்தேன்.

பெங்களூர்ல அல்சூர் பக்கம், ரெண்டாவது மாடியில குடியிருக்கேன். கீழ் வீட்டுல ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி. தமிழ்க் குடும்பம், மூணு தலைமுறையா அங்கேயே இருக்காங்க. அங்கிள் 2020ல தவறிட்டார். 2022 மார்ச்ல ஆன்ட்டி முழங்கால் ஆபரேஷனுக்காகப் புனேவுல இருக்கற பொண்ணு வீட்டுக்குக் கிளம்பினாங்க. கிளம்பற அன்னிக்குக் காலையில என்னைக் கூப்பிட்டு ஒரு தொங்கு தொட்டியைக் கையில குடுத்தாங்க. "தம்பி, இது அங்கிளோட செடி. மண்ணு காஞ்சா தண்ணி ஊத்து. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

கடைசி வரியை நான் காதுல வாங்கிக்கல. ரெக்வயர்மென்ட்டைப் பாதி படிச்சுட்டுக் கோடு எழுத உக்கார்ற தொழில் வியாதி.

செடியோட பேர் ஹோயா. ஹோயா கார்னோசா. பூ பார்க்க மெழுகுல அச்சு வார்த்த மாதிரி இருக்கறதால 'வாக்ஸ் பிளான்ட்'னு நர்சரியில விப்பாங்க. 1998ல லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போனப்போ அங்கிள் வாங்கி வந்ததாம். என் கைக்கு வந்தப்போ வயசு இருபத்தி நாலு, கிட்டத்தட்ட எனக்குச் சமம். தடியான, பளபளன்னு இருக்கற இலை. மூணு நாலு கொடி தொட்டியிலேருந்து வழிஞ்சு இடுப்பு உயரத்துக்குத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பூ ஒண்ணு கூட இல்ல.

அப்போ எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்தச் செடி எதிர்லயே தொங்குது. ஒரு ஞாயித்துக்கிழமை அதை உத்துப் பார்த்தா ஒரே குப்பையாத் தெரிஞ்சுது. இலையே இல்லாம வாரியல் குச்சி மாதிரி நீண்டுக்கிட்டுப் போற ரெண்டு மூணு தண்டு. அப்புறம் இலைக்கணுவுல அங்கங்க நீட்டிக்கிட்டு இருந்த, ஒண்ணு ரெண்டு இன்ச் நீளத்துல மொட்டையான குச்சிங்க. நுனியில மட்டும் கரடுமுரடா, காஞ்சு போன மாதிரி. எல்லாமே செத்துப்போன பாகம்னு முடிவு கட்டி, கத்தரிக்கோலை எடுத்துச் சுத்தம் பண்ணிட்டேன். வெட்டின இடத்துலயெல்லாம் பால் வடிஞ்சுது. செத்த குச்சியில பால் எப்படிய்யா வரும்னு யோசிச்சிருக்க வேணாமா? யோசிக்கல. இதோட நிக்காம, தொட்டி சின்னதா இருக்கேன்னு பெரிய தொட்டிக்கு மாத்தி, செம்மண்ணையும் எருவையும் அமுக்கி வெச்சு, தினமும் தண்ணி வேற.

மே மாசம் புனேவுலேருந்து போன். "மொட்டு வெச்சிருக்கா தம்பி? இந்நேரம் வந்துடுமே. பழைய காம்புலதான் வரும், பாரு."

"இன்னும் இல்ல ஆன்ட்டி"ன்னு சொல்லிட்டு போனை வெச்சேன். அதுக்கப்புறம்தான் பழைய காம்புன்னா என்னன்னு தேடிப் பார்த்தேன். வயித்தைக் கலக்கிருச்சு.

மல்லியில பூத்து முடிஞ்ச கிளையைக் கவாத்து பண்ணா புதுத் துளிர் வந்து அதுல பூக்கும். அந்தப் பழக்கத்துலதான் நமக்குக் கை அரிக்குது. ஹோயா அப்படி இல்ல. ஒரு தடவை பூத்த காம்பை அது வெச்சுக்கும். பூ உதிர்ந்தாலும் காம்பு உதிராது. அடுத்த தடவை அதே காம்போட நுனியிலதான் மறுபடி மொட்டு கிளம்பும். வருஷா வருஷம் அந்த நுனி கொஞ்சம் கொஞ்சமா நீளும். நான் கரடுமுரடுன்னு பார்த்தது, முன்னாடி பூத்த பூவெல்லாம் விட்டுட்டுப் போன தழும்பு. இலையில்லாம நீண்டுக்கிட்டுப் போன குச்சியும் செத்தது இல்ல. பத்திக்க எதாவது கிடைக்குமான்னு கொடி தேடிக்கிட்டுப் போற கை அது. பிடி கிடைச்ச பிறகு நிதானமா இலை விடும்.

எங்க டீம்ல ஒரு தடவை, யாருமே கூப்பிடாத ஃபங்ஷன்னு நினைச்சு ஒரு கோடைத் தூக்கிட்டோம். வருஷத்துல ஒரே ஒரு தடவை ஓடற ரிப்போர்ட்டுக்கு அது வேணுமாம். அதையாவது பழைய வெர்ஷன்லேருந்து திருப்பி எடுத்துட்டோம். காம்பை எங்கேருந்து எடுக்கறது?

அடுத்த மூணு மாசமும் போன் வரும்போதெல்லாம் "நல்லா இருக்கு ஆன்ட்டி"ன்னு பொய். நல்லாவும் இல்ல. தினசரித் தண்ணியில அடி இலை மஞ்சளாகி உதிர ஆரம்பிச்சுது. காட்டுல இந்தச் செடி மரத்து மேல தொத்தி வளர்ற ஜாதி. வேருக்குக் காத்து வேணும், ஈரம் வந்த வேகத்துல வடியணும். நான் களிமண்ணுல புதைச்சு வெச்சிருந்தேன். உருவிப் பார்த்தா வேர்ல பாதி அழுகல். அழுகினதை வெட்டி எறிஞ்சுட்டு, தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, பெர்லைட், கொஞ்சம் மண்புழு உரம் கலந்து, மறுபடி பழைய சின்னத் தொட்டிக்கே மாத்தினேன். வேர் தொட்டியை நெருக்கிக்கிட்டு இருந்தாத்தான் ஹோயா பூக்க யோசிக்கும். பெரிய தொட்டி கிடைச்சா வேர்ல ஈரம் தேங்கும், அவ்வளவுதான். தண்ணிக்கு ஒரு சோதனை உண்டு. இலையை லேசா மடக்கிப் பாருங்க. விறைப்பா எதிர்த்துச்சுன்னா விட்டுடுங்க. துவண்டு மடங்குச்சுன்னா ஊத்துங்க.

வெளிச்சமும் முக்கியம். டீவி ஸ்டாண்ட் பக்கத்துல நம்ம கண்ணுக்குப் பளிச்சுன்னுதான் இருந்துச்சு. மொபைல் ஆப் வெச்சு அளந்தா 300 லக்ஸ். கிழக்கு ஜன்னல்கிட்ட 6000. நம்ம கண்ணை நம்பி இருட்டுல தொங்க விட்டா பச்சையாத்தான் இருக்கும், உசிரோடதான் இருக்கும், பூ மட்டும் வராது. காலை வெயில் ரெண்டு மணி நேரம் படற மாதிரி ஜன்னலுக்கு மாத்தினேன். மதியத்து நேர் வெயில் பட்டா இலை வெளிறிடும், அது வேணாம்.

ஆகஸ்ட்ல ஆன்ட்டி திரும்பி வந்தாங்க. ராத்திரி பூரா ஒத்திகை பார்த்துட்டுக் காலையில கீழ போய் உள்ளதைச் சொல்லிட்டேன். ஆன்ட்டி ஒண்ணும் சொல்லல. எழுந்து உள்ள போய் ஒரு பழைய மாதக் காலண்டரை எடுத்துக்கிட்டு வந்தாங்க. கேஸ் சிலிண்டர் வந்த தேதி, பால் கணக்கு எல்லாம் எழுதின காலண்டர். 2019 மே மாசத்துல ஒரு கட்டத்துல அங்கிள் கையெழுத்து: "ஹோயா 14 கொத்து". போன வருஷங்களோட காலண்டர்லயும் இருந்துச்சு. 11, 9, 6.

"எத்தனை மிச்சம் இருக்கு?"

"மூணு ஆன்ட்டி."

கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், "உன்கிட்டயே இருக்கட்டும். இங்க பக்கத்துல அபார்ட்மென்ட் வந்ததுலேருந்து ஜன்னல்ல வெளிச்சமே இல்ல"ன்னாங்க. திட்டியிருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பேன்.

அதுக்கப்புறம் ஒழுங்கா வளர்த்தேன். நடுவுல மாவுப்பூச்சி ஒரு தடவை வந்து உயிரை எடுத்துச்சு. இலைக்கணுவுல பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாத் தெரிஞ்சா அதுதான். காது குடையற பட்ஸை சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல நனைச்சு ஒவ்வொண்ணாத் தொட்டு எடுக்கணும். ஒரு வாரம் விட்டு மறுபடி, அப்புறம் மறுபடி. ஸ்டாண்ட் அப் மீட்டிங்ல மியூட் போட்டுட்டுப் பண்ண ஏத்த வேலை.

(சைடுல ஒண்ணு. இந்தப் பைத்தியம் தெரிஞ்சு டீம்ல ஒருத்தன், காதலர் தினத்துக்கு ஹார்ட் வடிவ இலை ஒண்ணு நட்ட குட்டித் தொட்டி வாங்கிட்டு வந்து காட்டினான். அதுவும் ஹோயாதான், ஹோயா கெர்ரி. ஆனா கணு இல்லாம இலையை மட்டும் நட்டு விப்பாங்க. வேர் விடும், வருஷக்கணக்கா வாடாமயும் இருக்கும். ஆனா கொடி வராது. அவன்கிட்ட நான் சொல்லல. காதல் விஷயம், நமக்கு எதுக்கு?)

2023 ஏப்ரல்ல, மிச்சம் இருந்த மூணுல ஒரு காம்பு நுனியில குண்டூசித் தலை மாதிரி மொட்டுக் கூட்டம். சந்தோஷம் தாங்கல. கொக்கியிலேருந்து தொட்டியைக் கழட்டி, ரெண்டு மாடி இறங்கி ஆன்ட்டிகிட்ட காட்டிட்டு வந்தேன். நாலே நாள்ல மொட்டெல்லாம் பழுத்துக் கொட்டிருச்சு. மொட்டு வெச்ச பிறகு ஹோயாவை இடம் மாத்தக் கூடாதுங்கறதை அன்னிக்குக் கத்துக்கிட்டேன். வெளிச்சம் மாறினாலே உதிர்த்துடும்.

நல்லவேளை, காம்பு இருந்துச்சு. ஜூலையில அதே நுனியில மறுபடி மொட்டு. இந்தத் தடவை தொட்டியைத் திருப்பக் கூட இல்ல. மொட்டு பாக்கு மாதிரியெல்லாம் பெருசாகாது, அஞ்சு மூலை வெச்ச குட்டி டப்பா மாதிரி ஆகி, ஒரு சாயங்காலம் ஒவ்வொண்ணாப் பிரிஞ்சுது. வெளிர் ரோஜா நிறத்துல, மேல பூனை ரோமம் மாதிரி. நடுவுல சிவப்பா இன்னொரு சின்ன நட்சத்திரம். எங்கயோ பார்த்த முகமா இருக்கேன்னு யோசிச்சா, எருக்கம்பூ! ரெண்டும் ஒரே குடும்பம்தான். உடைச்சா பால் வர்றதும் அதனாலதான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள்லயே ஹோயா வைட்டின்னு ஒண்ணு மரத்துல தொத்தி வளருது. ஹோயாங்கற பேரே ஒரு தோட்டக்காரரோட பேர். இங்கிலாந்துல ஒரு பிரபுவோட மாளிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கிட்ட தாமஸ் ஹாய். தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1810ல வெச்சார். பிரபு பேரை வைக்காம தோட்டக்காரர் பேரை வெச்ச அந்த மனுஷனை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

இப்போ சிக்கல். செடி கீழ இறங்காது. ஆன்ட்டிக்கு ரெண்டு முழங்காலும் புதுசு. போட்டோ எடுத்து அனுப்பினேன். "வாசனை போட்டோவுல வராது தம்பி. ராத்திரிதான் மணக்கும், ஒம்பது மணிக்கு வரேன்"ன்னாங்க. மாடிப்படிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, உக்கார வெச்சு உக்கார வெச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன். கால் மணி நேரம் ஆச்சு.

லைட்டை அணைக்கச் சொன்னாங்க. தேன்ல லேசா ஏலக்காய் போட்ட மாதிரி ஒரு வாசனை ரூம் பூரா நின்னுச்சு. பூ நுனியிலேருந்து பிசுபிசுன்னு சொட்டு தரையில விழுந்திருந்துச்சு. ஆன்ட்டி மொபைல் டார்ச்சை அடிச்சு ஒவ்வொரு பூவா எண்ணினாங்க. இருபத்தி ரெண்டு. "அவர் கொத்தைத்தான் எண்ணுவார். ஒரு கொத்துதானே இருக்கு, நான் பூவையே எண்ணிக்கறேன்"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு நின்னேன்.

2025 மே மாசம் அஞ்சு கொத்து. அதுல ரெண்டு புதுக் காம்பு. ஆன்ட்டி வீட்டுக் காலண்டர்ல நானே போய் எழுதிட்டு வந்தேன். இலையில்லாத ஒரு குச்சி ஜன்னல் கொக்கியைப் பிடிச்சு மூணு சுத்து சுத்திக்கிட்டு நிக்குது. அதை வெட்டாம ஜன்னலை மூட முடியாது. மழை பெய்ஞ்சா சாரல் நேரா கீபோர்டு மேல விழுது. டேபிளை நகர்த்திப் போட்டிருக்கேன்.