லிபர்ட்டியில் ஒரு பகல்

அலங்காரம் என்ற சொல் நம் விமர்சனத்தில் ஏறக்குறைய வசைச்சொல்லாகிவிட்டது. ஒரு கவிதையைத் தள்ள வேண்டுமானால் அலங்காரம் மிகுந்தது என்று சொன்னால் போதும்; மேற்கொண்டு வாதம் தேவையில்லை. மும்பை மெரீன் லைன்ஸில் இருக்கும் லிபர்ட்டி தியேட்டரைப் பார்த்தபின் அந்தச் சொல்லைச் சற்று நிதானித்தே உபயோகிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

வங்கிப் பயிற்சிக்காகப் போன இடத்தில் கிடைத்த ஓய்வுப் பகல் அது. படம் ஏதும் ஓடவில்லை. காவலாளி உள்ளே விட்டார். முகப்பில் மேல்நோக்கி ஏறும் செங்குத்துக் கோடுகள், தாண்டினால் பளிங்குக் கூடம், மாடிப்படி, பிறகு அரங்கம். சுவர்களில் மரப்பலகைகள். திரைக்கு இருபுறமும் சுதையில் நீரூற்றுகள், மேலெழுந்த நீர் விழ மறந்து நின்றுவிட்டாற்போல. ஆர்ட் டெகோ என்பது இந்தப் பாணியின் பெயர். கோயில் சிற்பத்தின் நுணுக்கம் இதில் இல்லை. கான்கிரீட் பெட்டியின் வறட்சியும் இல்லை.

சுமார் 1,200 காலி இருக்கைகளுக்கு நடுவே நிற்கையில் ஒன்று புரிந்தது. தெருவிலிருந்து இருட்டுக்கு ஒரே எட்டில் இங்கே போய்விட முடியாது. கூடம், படி, வளைவு என்று ஒவ்வொன்றும் நடையைத் தளர்த்துகிறது. படம் தொடங்குவதற்குள் மனம் தெருவை விட்டிருக்கிறது. கட்டடத்தின் வேலை அது. அலங்காரம்தான் அந்த வேலையைச் செய்கிறது.

மும்பையின் சினிமா அரண்மனைகளுக்கு ஒரு வரிசை உண்டு. 1933இல் ரீகல், 1938இல் ஈராஸ், அதே ஆண்டில், லிபர்ட்டிக்குச் சில நிமிட நடையில், எம்.ஜி.எம். நிறுவனம் கட்டிய மெட்ரோ. இவை பெரும்பாலும் ஆங்கிலப் படங்களின் வீடுகள். ஹபீப் ஹுசேன் இந்திப் படங்களுக்கென்றே லிபர்ட்டியைக் கட்டினார். சுதந்திரத்தையொட்டிப் பெயர் வைத்தார். 1949இல் மெஹ்பூப் கானின் ‘அந்தாஸ்’ படத்தோடு திறந்தார். வரைபடத்தைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் அபட் விமான விபத்தில் இறந்துபோக, ஃபெர்னாண்டஸ் முடித்தார். உள் அலங்காரம் வாமன் நாம்ஜோஷியுடையது. ஜெய்ப்பூரில் 1976இல் திறந்த ராஜ்மந்திர் தியேட்டரும் அவர் வடிவமைத்ததே.

வடிவம் அதே ஆர்ட் டெகோதான். மெட்ரோவில் அது ஹாலிவுட்டுக்கு வரச்சொல்லும் அழைப்பு. லிபர்ட்டியில் அது ஓர் உரிமை கோரல்: எங்கள் பாஷையில் பேசும் படத்துக்கும் பளிங்குத்தரை வேண்டும். உருவத்துக்கு நிலையான அர்த்தம் உண்டென்று வாதிடுபவர்கள் இந்த இரண்டு கட்டடங்களுக்கும் இடையே ஒருமுறை நடந்துவிட்டு வரலாம்.

இதைப் பெரிதுபடுத்தவும் கூடாது. சமத்துவம் டிக்கெட்டோடு நின்றுவிடுகிறது. பால்கனி என்றும் கீழ்த்தளம் என்றும் கூட்டம் பிரிந்துதான் உட்கார்ந்தது. திரையில் ஓடியதெல்லாம் அரங்குக்குத் தகுதியானதும் அல்ல. 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ என்ற கல்யாண வைபவம் இங்கே 100 வாரங்களுக்கு மேல் ஓடியது. கட்டடம் கோரிய அளவுக்குப் படங்கள் வளரவில்லை.

நம் பக்கம் நிலைமை தலைகீழ். உள்ளே கனமான எழுத்து, வெளியே மட்டக் காகிதம், முந்நூறு பிரதி. காசில்லாததால் வந்த எளிமை அது. நாளடைவில் அதையே கொள்கையாக்கி, கவிதை வரிக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம். இன்று சொற்சிக்கனமும் ஓர் அலங்காரம். உடுத்திக்கொண்டால் நவீனமாகத் தெரியும்.

ஆகவே அலங்காரம் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. அதை எடுத்துவிட்டால் என்ன போகும் என்று கேட்கலாம். லிபர்ட்டியின் நீரூற்றுகளை எடுத்துவிட்டாலும் திரை இருக்கும், நாற்காலிகள் இருக்கும், படமும் தெரியும். வந்து உட்காருகிறவன் மரியாதைக்குரியவன் என்ற எண்ணம் மட்டும் போய்விடும். வாசகனைப் பற்றி அந்த எண்ணம் நம் எழுத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.