ஒளி சுமந்த பெட்டி

நுழையும்முன்

நூறாண்டுகளுக்கு முன் இரயிலேறி ஊர் ஊராகச் சென்ற படம்காட்டும் பெட்டி, இன்று பள்ளி மாணவர் ஒருவரின் தோள்பையில் அடங்கிவிடுகிறது. பெட்டி சிறுத்தது, அதைக் கையாள்பவரின் பொறுப்பு சிறுக்கவில்லை. ஒரு கருவியை இயக்கக் கற்பது எளிது. அதை எப்போது, எப்படி நிறுத்த வேண்டும் என்று அறிவதே தேர்ச்சி. அத்தேர்ச்சியைப் பேசுகிறது இக்கட்டுரை.

மணல்வெளியில் ஒரு திரை

அரசலாறு கடலோடு கலக்கும் ஊர் காரைக்கால். அதையடுத்த மீனவச் சிற்றூர் ஒன்றில், ஐப்பசி அடைமழை தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாலை. சமுதாயக் கூடத்தின் எதிரே, மணலில் இரண்டு மூங்கில்களை நட்டு, எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தனர் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் ஐவர். அருகில் நின்ற அவர்களின் ஆசிரியர் முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார். புயற்காலத்தில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை பற்றிய இருபது நிமிடக் காணொளி ஒன்றை ஊராருக்குக் காட்டுவது அன்றைய திட்டம்.

அது பொழுதுபோக்குக் காட்சி அன்று. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை, இக்கடற்கரையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டு சென்றது. அந்த நாளை மறக்காத ஊர் அது. ஆகவேதான் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்களும், மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த பெண்களும் பொழுது சாயும் முன்பே மணலில் வந்து அமர்ந்துவிட்டனர்.

மாணவர்களுள் ஒருவன் தன் பையிலிருந்து படவீழ்த்தியை எடுத்தான். புரொஜெக்டர் என்று ஊரார் சொல்லும் அக்கருவி, ஒரு தமிழகராதியைவிடப் பெரிதாக இல்லை. "இதிலிருந்தா படம் வரப்போகிறது?" என்று ஒரு சிறுமி வியந்தாள். அவளுடைய வியப்பு புதியதன்று. அதற்கு ஒரு நூற்றாண்டைத் தாண்டிய வயது உண்டு.

திருச்சியில் கைமாறிய கருவி

பிரெஞ்சு நாட்டின் லூமியேர் உடன்பிறந்தார் 1895ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரில், கட்டணம் பெற்றுக்கொண்டு தம் நகரும் படங்களைத் திரையிட்டனர். அவர்கள் பயன்படுத்திய கருவி, படம் பிடிக்கவும் படிகள் எடுக்கவும் திரையில் காட்டவும் ஒருங்கே உதவியது. கையால் சுழற்றி இயக்கத்தக்கதாகவும் தூக்கிச் செல்லத்தக்கதாகவும் அது இருந்தமையால், ஓராண்டு நிறைவதற்குள் கடல் கடந்தது. 1896ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் மும்பையின் வாட்சன் விடுதியில் அதன் காட்சி நடந்தது.

தமிழ் மண்ணில் இக்கலையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூரில் பிறந்த அவர், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே வரைவாளராகப் பணியாற்றினார். 1905ஆம் ஆண்டு, ஊர் ஊராகப் படம் காட்டிவந்த தூபோன் என்னும் பிரெஞ்சுக்காரர் திருச்சிக்கு வந்த இடத்தில் நோயுற்றார். காட்சியைத் தொடர இயலாமல் தாயகம் திரும்ப விரும்பினார். அவரிடமிருந்த படவீழ்த்தியையும் படச்சுருள்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார் வின்சென்ட். அக்காலத்தில் மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு அது பெருந்தொகை. இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படமும் அச்சுருள்களில் இருந்தது.

நிலையான வேலையைத் துறந்து, வின்சென்ட் கூடாரத்தோடு புறப்பட்டார். தென்னக ஊர்களில் தொடங்கிய அவருடைய பயணம், வடமேற்கே பெஷாவர் வரையும் கிழக்கே பர்மா வரையும் நீண்டது. 1914ஆம் ஆண்டு கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கையும் அவர் நிறுவினார். அரங்கிற்கு மக்கள் வரும் காலத்துக்கு முன்பே, மக்களிருக்கும் இடத்துக்கு அரங்கைக் கொண்டு சென்றவர் அவர். மணலில் வேட்டி கட்டிய மாணவர்கள் அறிந்தோ அறியாமலோ அவர் வழியைத்தான் பின்பற்றினர்.

நெருப்பு கற்பித்த பாடம்

ஒளியைச் சுமப்பது நெருப்பைச் சுமப்பதாகவும் இருந்தது. மின்சாரம் எட்டாத இடங்களில் படவீழ்த்தியின் விளக்குக்கு எரிவளிகளையே நம்ப வேண்டியிருந்தது. 1897ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், பாரிசில் ஏழைகளுக்கு நிதி திரட்டுவதற்காக நடந்த அறச்சந்தையில் ஒரு படக்காட்சி ஏற்பாடாகியிருந்தது. ஈதர் ஆவியும் ஆக்சிசனும் கலந்து எரியும் விளக்கு அங்கே பயன்பட்டது. விளக்கில் ஈதரை நிரப்பிக்கொண்டிருந்த வேளையில், வெளிச்சத்துக்காக ஒருவர் தீக்குச்சியை உரசினார். மரத்தாலும் துணியாலும் ஆன அக்கூடம் சில நிமிடங்களில் எரிந்து வீழ்ந்தது. ஏறத்தாழ 126 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

படச்சுருளும் ஆபத்தானதாகவே இருந்தது. அன்றைய சுருள்கள் செல்லுலோசு நைட்ரேட்டால் ஆனவை. எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிசனைத் தானே வெளிவிடும் பொருள் அது. தீப்பற்றிவிட்டால் நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. திரையரங்குகளில் படவீழ்த்திக்குத் தனியறை கட்டப்பட்டதற்கு இதுவே காரணம். இந்தியாவில் 1918ஆம் ஆண்டு இயற்றப்பட்ட திரைப்படச் சட்டமும், படம் காட்டும் இடத்துக்கு உரிமம் வேண்டும் என்றும் பார்வையாளரின் பாதுகாப்பு உறுதிசெய்யப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தியது. கருவியோடு வரும் கையேட்டின் எச்சரிக்கைகளைப் பலர் படிக்காமலே புரட்டிவிடுகின்றனர். அவ்வரிகளுக்குப் பின்னே இத்தகைய துயரங்கள் இருக்கின்றன.

தொலைவும் தெளிவும்

இன்றைய படவீழ்த்தியில் சுருளும் இல்லை, தீயும் இல்லை. சிறிய கருவிகள் பலவற்றில் ஒளியுமிழ் டையோடுகளே விளக்காகின்றன. சிலவற்றின் உள்ளே, நகத்தளவு சில்லொன்றில் இலட்சக்கணக்கான நுண்ணாடிகள் அமைந்துள்ளன. ஒவ்வோர் ஆடியும் நொடிக்குப் பல்லாயிரம் முறை சாய்ந்து, ஒளியைத் திரைக்கு அனுப்புகிறது அல்லது விலக்குகிறது. அச்சாய்வுகளின் தொகுப்பே நாம் காணும் படம்.

கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் அதை நிறுவுவதற்கு எளிய கணக்கே போதும். வீழ்த்தும் தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது வீழ்த்து விகிதம். மாணவர்களின் கருவிக்கு அவ்விகிதம் 1.2. ஆகவே, ஒன்றரை மீட்டர் அகலமுள்ள படத்துக்குத் திரையிலிருந்து 1.8 மீட்டர் தொலைவில் கருவியை வைத்தனர். "இன்னும் பின்னால் தள்ளி வையுங்கள், படம் பெரிதாகத் தெரியட்டும்" என்றார் கூட்டத்தில் ஒருவர். தொலைவை இருமடங்காக்கினால் படத்தின் அகலமும் உயரமும் இருமடங்காகும். பரப்பு நான்கு மடங்காகும். இருக்கும் ஒளியோ அதேதான். எனவே வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்து படம் மங்கிவிடும். ஆசிரியர் இதை விளக்க, கேட்டவர் சிரித்தபடி அமர்ந்தார்.

கருவியை ஆட்டமில்லாத மேசைமீது, திரைக்கு நேராக வைத்தனர். சாய்த்து வைத்தால் படத்தின் ஒருபுறம் விரிந்து மறுபுறம் குறுகும். அக்கோணலை நீக்கும் வசதி கருவியிலேயே உண்டு எனினும், அதை நாடினால் படத்தின் கூர்மை சற்றுக் குறையும். கருவியை நேராக வைப்பதே முதல் திருத்தம். பிறகு எழுத்துகள் நிறைந்த ஒரு பக்கத்தைத் திரையில் காட்டி, கடைசி வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் "எழுத்து தெளிவாகத் தெரிகிறது" என்று சொல்லும்வரை குவியத்தைச் சரிசெய்தனர். கதிரவன் மறையும்வரை காத்திருந்தனர். சிறிய கருவியின் ஒளி பகல் வெளிச்சத்தோடு போட்டியிட முடியாது.

காப்பும் கவனமும்

ஆசிரியர் ஐந்து மாணவர்க்கும் ஐந்து பொறுப்புகளைப் பகிர்ந்தளித்திருந்தார். ஒருவன் ஒளிப்பாதையைக் காத்தான். படவீழ்த்தியின் வில்லையை நேராக உற்றுநோக்குவது விழித்திரைக்குக் கேடு தரும். குழந்தைகளோ ஒளி வரும் துளையைப் பார்க்கவே விரும்புவர். இன்னொருத்தி மின்கம்பியைக் காத்தாள். சமுதாயக் கூடத்தின் மின்செருகியிலிருந்து மூன்றுமுனைச் செருகியோடு வந்த கம்பியை, மக்கள் நடக்கும் வழியின் குறுக்கே விடாமல் சுவரோரமாகக் கொண்டுவந்து, மேசைக்கால் அருகே நாடாவால் ஒட்டியிருந்தாள். இருளில் நடப்பவர் காலில் கம்பி தடுக்கினால் ஆளும் விழுவார், கருவியும் விழும்.

மூன்றாமவன் காற்றுத் துளைகளைக் கவனித்தான். கருவிக்குள் எழும் வெப்பத்தை விசிறி வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அத்துளைகளைச் சுற்றி ஏறத்தாழ ஒரு முழம் வெற்றிடம் வேண்டும். மேசை விரிப்போ தலையணையோ துளையை மூடினால் கருவி கொதிக்கும். உள்ளே மின்கலம் உள்ள கருவியாயின் ஆபத்து இன்னும் மிகுதி. நான்காமவள், உப்பங்காற்றும் மணலும் படாதபடி, பயன்படாத வேளையில் வில்லையை மூடிவைத்தாள். வில்லையை மென்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும் என்பதையும் அவள் அறிந்திருந்தாள்.

ஐந்தாமவன் கருவியை இயக்கினான். அவனுக்கு ஆசிரியர் சொல்லியிருந்த விதி ஒன்றே. காட்சி முடிந்ததும் கருவியின் பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். விசிறி ஓய்ந்து உள்வெப்பம் தணிந்த பின்னரே மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். "ஓடும் கருவியின் மின்சாரத்தை ஒருபோதும் சட்டென்று நிறுத்தாதே" என்று அவர் பலமுறை கூறியிருந்தார்.

நிறுத்தத் தெரிந்தவன்

காட்சி தொடங்கிப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகியிருக்கும். புயலுக்கு முன் படகுகளைக் கரையேற்றிக் கட்டும் முறையைத் திரை காட்டிக்கொண்டிருந்தது. அப்போது கடல்பக்கமிருந்து குளிர்காற்று வீசியது, திரை புடைத்தது, அடுத்த நொடி மணலில் தூறல் விழுந்தது. "ரெண்டு தூறல்தானே தம்பி, ஓடட்டும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். ஆசிரியர் கூட்டத்தின் பின்னே நின்றிருந்தார். அவரைக் கேட்க நேரமில்லை.

அந்த மாணவன் ஒரு கணம் தயங்கினான். பொத்தானை அழுத்தி, விசிறி ஓயும்வரை காத்திருப்பதே அவன் கற்ற விதி. ஆனால், நனையத் தொடங்கிய மேசைமீது மின்சாரம் பாயும் கருவி இருந்தது. ஈரமாகும் மணலில் வெறுங்காலோடு குழந்தைகள் இருந்தனர். கருவியைத் தொடாமல் "எல்லாரும் மேசையைவிட்டு விலகுங்கள்!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அவன் சமுதாயக் கூடத்துக்குள் ஓடினான், கூரைக்குக் கீழே உலர்ந்த இடத்தில் நின்று சுவரிலிருந்த மின்விசையை அணைத்தான். திரை இருண்டது. பிறகே செருகியைக் கழற்றி, கருவியை எடுத்துத் துணியால் மூடினர்.

கூட்டம் முணுமுணுத்தது. தலைகுனிந்தபடி ஆசிரியரிடம் வந்த மாணவன், "விசிறி ஓயும்வரை காத்திருக்கவில்லை ஐயா, நேராக மின்சாரத்தையே நிறுத்திவிட்டேன்" என்றான். அவர் பதில் சொல்வதற்கு முன், வலையைத் தோளில் போட்டபடி எழுந்த முதியவர் ஒருவர் பேசினார்.

"துறைமுகத்துல கூண்டு ஏத்துன அன்னிக்கு நாங்க படகை எறக்குவோமா தம்பி? கடலுக்குப் போகத் தெரிஞ்சவனைவிடப் போகாம இருக்கத் தெரிஞ்சவன்தான் தொழில்காரன். நீ நிறுத்துனதுதான் சரி."

ஆசிரியர் அதற்குமேல் ஒன்றே ஒன்று சேர்த்தார்: "விசிறி ஓயக் காத்திருப்பது கருவியைக் காக்கும் விதி. நீ கடைப்பிடித்தது ஆளைக் காக்கும் விதி. இரண்டும் மோதினால் எது முன்னால் நிற்கும் என்று இன்று நீயே கண்டுகொண்டாய்."

மழை வலுத்தது. ஊரார் கூடத்துக்குள் வந்து நெருங்கி அமர்ந்தனர். மீதமிருந்த எட்டு நிமிடச் செய்தியை மாணவர்கள் வாயால் சொன்னார்கள். சொல்லத் தவறியதைப் பெரியவர்கள் தம் அனுபவத்திலிருந்து நிரப்பினார்கள். கருவி, மேசைக்கடியில் உலர்ந்த துணிக்குள் இருந்தது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளியில் உள்ள படவீழ்த்தியின் வீழ்த்து விகிதத்தைக் கண்டறிந்து, வகுப்பறையில் அதை வைக்கத்தக்க இடத்தை அளந்து குறிக்க.
2. அன்றாடம் பயன்படுத்தும் கருவி ஒன்றுக்கு, 'கருவியைக் காக்கும் விதிகள்', 'ஆளைக் காக்கும் விதிகள்' என இரு பட்டியல்கள் உருவாக்குக.
3. 'நிறுத்தத் தெரிவதே தேர்ச்சி' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.